தூங்கிய இடத்தில் பென்சில் கோடு

பிப்ரவரி 3

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. தபால்காரர் கையில் கொடுக்கும்போதே, சொத்துப் பத்திரமா இவ்வளவு கனம் என்று கேட்டார். என் பெண் எழுதும் கதை, முதல் மூன்று அத்தியாயம்தான், மீதி பின்னால் வருகிறது என்றேன். மீதியையும் தான்தானே தூக்கவேண்டும் என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

நீ போட்ட உத்தரவு ஞாபகம் இருக்கிறது. நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று வாயைத் திறக்கக்கூடாது. படிக்கும்போது எந்த வரியில் கண் சொருகுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடவேண்டும். அவ்வளவுதான் என் வேலை. பள்ளிக்கூடத்தில் இதே காரியத்தைச் செய்ததற்கு என்னை வெளியே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மெத்தைக் கடையில் சேர்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் படுத்துக் காட்டியே சம்பாதிக்கிறேன். இப்போது என் மகள் எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறாள்.

முதல் அத்தியாயத்தில் ஒரு கோடு. அந்தத் தண்ணீர் வாரியக் கட்டடத்தை நீ மாடி மாடியாக வர்ணிக்கிறாய் பார், இரண்டாவது மாடி ஏறும்போது நான் போய்விட்டேன். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்றாவதில் அதிகாரிகள் கூட்டம் போடும்போது லேசாகத் தலை சாய்ந்தது. நிஜமான கூட்டத்திலும் எனக்கு அப்படித்தான், அதனால் உன்மேல் தப்பில்லை.

தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி, மேல் முனையில் காதை வைத்து, மண்ணுக்குள்ளே குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்கிற பெண்தான் உன் கதாநாயகி. இப்படி ஒரு உத்தியோகம் நிஜமாகவே உண்டா என்று அம்மா கேட்கிறாள். உண்டு என்று அடித்துச் சொல்லிவிட்டேன். இல்லையென்றால் சொல்லிவிடு, மானம் போகும்.

மாடி வீட்டுப் பல் டாக்டர் நேற்று உன்னைப் பற்றி விசாரித்தார். திங்கள் முதல் புதன் வரை கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆராய்ச்சி, வியாழன் வெள்ளி காலேஜில் பாடம், சனி ஞாயிறு கதை என்று ஒப்பித்தேன். இதில் எது நிரந்தரம் என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளேயிருந்து, "களைப்புதான்" என்றாள்.

அப்பா


பிப்ரவரி 16

அப்பா,

கோடுகள் கிடைத்தன. கட்டடத்தை வெட்டிவிட்டேன். அதிகாரிகள் கூட்டத்தைப் பாதியாக்கிவிட்டேன். நீங்கள் "உன்மேல் தப்பில்லை" என்று எழுதியதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது தீர்ப்பு. உங்களிடம் தீர்ப்பு கேட்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் என் வேலையே இதுதான். புதிதாக ஒரு மென்பொருள் எழுதி, பத்துப் பேரைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டால் பத்துப் பேரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். பொய் இல்லை, மரியாதை. அதனால் நாங்கள் கேட்பதில்லை. அவர்கள் அதைப் பயன்படுத்துவதைப் படம் பிடித்து, எந்தத் திரையில் கை நின்றுபோகிறது என்று பார்க்கிறோம். கை நின்ற இடத்தில் கோளாறு. உங்களுக்கு என்மேல் பிரியம் அதிகம். உங்கள் தூக்கத்துக்கு அது கிடையாது. போனில் கேட்காமல் தபாலில் அனுப்புவதும் இதற்காகத்தான். போனில் என் குரலைக் கேட்டதும் நீங்கள் நல்லவராகிவிடுவீர்கள்.

கசிவு கேட்கும் வேலை உண்டு. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பல் டாக்டர் கேட்டதை நானும் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனியில் என்னைப் புதியவர்களிடம் "இவங்க காலேஜ் புரொபசர்" என்று அறிமுகப்படுத்துகிறார்கள். காலேஜில் "கம்பெனிக்காரம்மா". எழுதுகிறவர்கள் கூடும் இடத்துக்குப் போனால், கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, வந்து பார்க்க முடியுமா என்கிறார்கள். மூன்று இடத்திலும் நான் விருந்தாளி. ஒருநாள் காலையில் காலேஜ் அட்டையைத் தேய்த்துக் கம்பெனிக் கதவு ஏன் திறக்கவில்லை என்று வெகுநேரம் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் காவலாளி, என்னைத் தெரிந்தவர்தான், கனவில் தெரிகிற ஆள் மாதிரிக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயம். ஆராய்ச்சிக்கூடத்துக்கே என்னைத் தலைவராக்குகிறேன் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனை, வாரம் முழுவதும் அவர்களுக்கே. காலேஜை விடவேண்டும். எழுத்தையும் விடவேண்டும். "எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் செய்றவங்களைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும்.

நாலாவது, ஐந்தாவது அத்தியாயங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தாவதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அவள் விடியும் நேரத்தில் ஒரு தெருவில் நடக்கிறாள், கேட்கிறாள். எனக்கு அதுதான் புத்தகமே.

நேர்மையாகக் கோடு போடுங்கள்.


மார்ச் 9

அன்புள்ள பொடிசுக்கு,

நேர்மையாகப் போடு என்று நீ எழுதியதால் நேர்மையாக எழுதுகிறேன். நாலாவது அத்தியாயம் சுத்தம், கோடே இல்லை. ஐந்தாவதில் நான் மானம்கெட்டுப் போனேன்.

முதல் தடவை சோபாவில். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்புகிறாள், அங்கேயே கண் சொருகிவிட்டது. சோபாவின் குற்றம் என்று மறுநாள் பஸ்ஸில் எடுத்துப்போனேன். நின்றுகொண்டு படித்தால் தூங்கமாட்டேன் என்று ஒரு நம்பிக்கை. பாழாய்ப்போன ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்தார். கடை இருக்கிற தெரு தாண்டி, அதற்கடுத்த தெருவும் தாண்டி, பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் டிரைவர் வந்து தட்டினார்.

மூன்றாவது தடவை நடந்ததைச் சொன்னால் சிரிப்பாய். மதிய நேரம், கடையில் ஈ காக்கை இல்லை. ஜன்னலோரம் காட்சிக்குப் போட்டிருக்கும் மெத்தையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பிரித்தேன். விழித்தபோது கண்ணாடிக்கு வெளியே ஒரு கூட்டம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் உள்ளே வந்து, "அவர் படுத்திருக்கிறாரே, அதே மெத்தைதான் வேணும்" என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டு போனாள். திட்டுவதற்காக வந்த முதலாளி, தலைகாணி என்று நாங்கள் பேர் வைத்திருக்கிறோமே அவர்தான், தினமும் இதே நேரத்துக்குப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, மூன்று கோடு. அத்தியாயத்தின் கடைசிக்கு நான் போய்ச் சேரவே இல்லை. உன் அப்பன் எட்டாவதில் இரண்டு தடவை உட்கார்ந்தவன், இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுத ஆசைதான். அது தீர்ப்பு ஆகிவிடும் என்பதால் எழுதவில்லை. கேட்டது கோடு, கோடு மட்டும்.

தலைவர் பதவி விஷயம் அம்மாவிடம் சொன்னேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பார்த்தால், "ஞாயித்துக்கிழமை லீவு உண்டா" என்று கேட்டாள்.

அப்பா


மார்ச் 20

அப்பா,

ஐந்தாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு மீதியைப் படித்துப் பார்த்தேன். ஒரு பெண் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். அதற்குப் புத்தகம் எதற்கு?

நீங்கள் பஸ்ஸையும் மெத்தையையும் வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். சிரிக்க முயன்றேன். மூன்று தடவை, மூன்று இடத்தில், ஒரே பக்கங்களில். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் அதற்குமேல் யாரும் வாதாடமாட்டோம்.

உங்களிடம் ஒன்றை மறைத்திருந்தேன். சொல்லியிருந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டாவது விழித்திருப்பீர்கள். ஐந்தாவது அத்தியாயம் உங்களைத் தூங்கவிடாமல் வைத்தால் இயக்குநரிடம் முடியாது என்று சொல்வது, இல்லையென்றால் கையெழுத்துப் போடுவது. இதுதான் எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனை. முடிவு வந்துவிட்டது.

காலேஜில் இந்தப் பருவத்தோடு நின்றுகொள்கிறேன் என்று துறைத் தலைவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறேன். கம்பெனித் தாளில் ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை கையெழுத்து. நீங்கள் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை. நான் கேட்டதைச் சரியாகச் செய்த ஒரே ஆள் நீங்கள்தான்.

எனக்கு வருத்தம்கூட இல்லை. போன சனிக்கிழமை, எழுதும் மேஜைக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு மொட்டை மாடியில் யாரோ போர்வைகளை உலர்த்தியிருந்தார்கள். அவை மெதுவாக உப்பி, மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தன. சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனிமேல் அத்தியாயம் எதுவும் வராது. தபால்காரரிடம் சொல்லிவிடுங்கள்.


மார்ச் 27

பொடிசு,

உன் கடிதத்தை அம்மா உரக்கப் படித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "பொண்ணோட வாழ்க்கையையே குறட்டை விட்டு முடிச்சு வச்சுட்டீங்க" என்றாள்.

"எங்கே தூங்கினீர்கள்" என்று நீ கேட்டாய். "எப்படித் தூங்கினீர்கள்" என்று கேட்கவே இல்லையே. நானும் ஒரு மக்கு, கேட்காததைச் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். சோபாவில் கண் சொருகியதும் நான் அந்தத் தெருவில் இருந்தேன். அவள் முன்னால், நான் பின்னால். அவள் செருப்பைக் கையில் வைத்திருந்தாள் என்பதால் நானும் கழற்றிக்கொண்டேன். தரை ஈரமில்லை, ஆனால் குளிர்ச்சி. வீடுகளுக்கெல்லாம் விளக்கு இல்லை. காலுக்கடியில் தண்ணீர் ஓடுவது உள்ளங்காலில் தெரிந்தது, பூனை மடியில் படுத்து உறுமுமே, அந்த மாதிரி. பஸ்ஸில் தூங்கியபோது அதே தெருவில் விட்ட இடத்திலிருந்து நடந்தோம். கடை மெத்தையில் அவள் திரும்பிப் பார்த்து, கம்பியை என்னிடம் கொடுத்துக் கேளுங்க என்றாள். நான் குனிந்தபோதுதான் அந்தப் பாழும் கூட்டம் என்னை எழுப்பியது.

பேப்பர் படித்துத் தூங்குகிற தூக்கம் எனக்குத் தெரியும். வாய் திறந்திருக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும், எழுந்ததும் யார்மீதாவது எரிந்துவிழத் தோன்றும். வாரியக் கட்டடத்தில் வந்தது அந்தத் தூக்கம். அந்தக் கோடு சரியான கோடு. ஐந்தாவதில் நான் தூங்கவில்லை கண்ணு, உள்ளே போய்விட்டேன். பென்சில் ஒன்றுதானே, இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கோடாக விழுந்துவிட்டது.

அப்பன் சமாதானம் சொல்கிறான் என்று நினைப்பாய். அதனால் உன் பாணியில் ஒரு சோதனையும் செய்தேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாவது அத்தியாயத்தை அவளுக்கு வாசித்தேன். தெருமுனை திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள். சாயங்காலம் வரை தூங்கினாள். எனக்குப் பயமாகி மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன்.

போரடித்ததால் தூங்கினாள் என்று நீ வாதாடலாம் என்று, மறுநாள் அதே நேரத்தில், காலேஜ் சஞ்சிகையில் நீ எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை வாசித்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கரண்ட் பில் கட்டியாச்சா என்றாள். பிறகு போய் அலமாரியை ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளாதே, அலமாரி இப்போது பளிச்சென்று இருக்கிறது.

அந்த அத்தியாயத்தை இன்று காலையில் சமையலறையில் நின்றபடி, பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் படித்தேன். தெருவில் எங்கேயும் கசிவு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வேலை முடிந்தது, போகலாம். போகாமல் இன்னும் கொஞ்சநேரம் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போடு, போடாதே என்று நான் சொல்லமாட்டேன். உன் உத்தியோகங்களில் ஒன்றுகூட எனக்கு முழுசாகப் புரிந்ததில்லை. ஆனால் என் தூக்கத்தைக் காரணமாக வைத்துப் போடாதே. அது உனக்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை.

அப்பா


ஏப்ரல் 24

அப்பா,

உங்கள் கடிதத்தை முதலில் நம்பவில்லை. கனவில் கதாநாயகி வந்து கம்பியைக் கொடுத்தாள் என்று ஒரு அப்பா எழுதினால் எந்த மகளும் நம்பக்கூடாது. பிறகு அம்மா போன் செய்தாள். என் எழுத்தைப் பற்றி அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "செருப்பைக் கழட்டிட்டுப் போனாளே, அப்புறம் என்னடி ஆச்சு? நான் தூங்கிட்டேன்" என்றாள்.

போனை வைத்த பிறகு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. கை நின்ற இடத்தில் கோளாறு என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பஸ் நேரம் பார்ப்பதற்காக நாங்கள் செய்த மென்பொருளைச் சோதித்த படம் ஒன்று. ஒரு வயதான பெண்மணி ஒரு திரையில் அப்படியே நின்றுபோகிறார். கோளாறு என்று குறித்து அந்தத் திரையையே நான் நீக்கியிருந்தேன். கையை மட்டும்தான் அப்போது பார்த்திருக்கிறேன். இப்போது முகத்தைப் பார்த்தேன். அந்தத் திரையில் ஊரின் வரைபடம் முழுக்கத் தெரியும், பஸ்கள் புள்ளி புள்ளியாக ஊர்ந்துபோகும். அந்த அம்மாள் தாடையில் கை வைத்துக்கொண்டு, அவை போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். காலேஜில் பருவத்தின் கடைசி வகுப்பு. பிழை கண்டுபிடிக்கும் முறைகள் பற்றிக் குறிப்பெடுக்க எல்லாரும் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். நான் ஐந்தாவது அத்தியாயத்தை வாசித்தேன். பின்வரிசையில் ஒருத்தி மேஜையில் தலையைச் சாய்த்தாள். அப்புறம் இன்னொருவன். மின்விசிறிச் சத்தம் மட்டும். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இது வெற்றியா, விபத்தா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீண்ட நாளைக்குப் பிறகு தனியாக நின்று சிரித்தேன்.

இயக்குநரிடம் போய் அந்த அம்மாளின் படத்தைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "இதுக்குத்தாம்மா வாரம் முழுக்க நீ வேணும்ங்கிறேன்" என்றார். வாரம் முழுக்க இங்கேயே இருந்திருந்தால் இந்தப் படத்தை நான் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன் சார் என்றேன். மூன்று நாள்தான் தர முடியும் என்றும் சொன்னேன். அப்படியானால் பதவி வேறு ஒருவருக்குத்தான் போகும் என்றார். போய்விட்டது. நான் வேலை கற்றுக்கொடுத்த பையன், எல்லாரும் தம்பி என்று கூப்பிடுவோமே, அவன்தான் இனி என் தலைவர். முதல் நாளே என் அறிக்கையில் மூன்று திருத்தம் சொன்னான். மூன்றும் சரியான திருத்தம். கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். இதை அம்மாவிடம் படித்துக் காட்டவேண்டாம்.

காலேஜில் அடுத்த பருவத்துக்கும் பேர் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது அத்தியாயம் இருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டது.

நான் நன்றாகத் தூங்கிப் பல மாதமாகிறது, அப்பா. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. வரட்டுமா?


மே 3, சனிக்கிழமை

பொடிசு,

நீ அடுத்த அறையில் இருக்கும்போதே உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அம்மா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போகிறாள்.

நேற்று பையோடு வந்து நின்ற உன்னைப் பார்த்ததும் பஸ்ஸில் கூட்டமா என்றுதான் கேட்டேன். நீயும் ஆமாம் கூட்டம் என்றாய். இரண்டு பேரும் காகிதத்தில்தான் புலி. இன்று சாப்பிட்டுவிட்டு, ஐந்தாவதைக் கொஞ்சம் வாசியுங்க, மற்றவர் குரலில் கேட்கவேண்டும் என்று நீயாகவே கேட்டாய். முதல் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. நீ எழுதிய தெருவுக்குள் நீயே போய்விட்டாய். நிறுத்தினால் விழித்துக்கொள்வாயோ என்று கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டே, இந்தத் தடவை முழுசாகக் கேட்டாள். முடிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

இப்போது மழை வருகிற மாதிரி இருக்கிறது. அறை முழுக்கச் சாம்பல் வெளிச்சம். நீ அலையில் மிதக்கிற மாதிரிப் படுத்திருக்கிறாய்.

சற்று முன்னால் உன் போன் அடித்தது. மறுபடி மறுபடி அடித்ததால் எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். உன் புதுத் தலைவர். அக்கா இருக்காங்களா, அவசரமா ஒரு சந்தேகம் என்றார். பாவம், அவருக்கும் புது வேலை. தூங்குகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை எனக்கே சரியாகப் படவில்லை.

"வேலையில இருக்காப்பா. முடிச்சதும் பேசச் சொல்றேன்" என்றேன்.

சனிக்கிழமையிலுமா என்று கேட்டார். சனிக்கிழமையில்தான் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரிங்கப்பா, அவங்களை எழுப்பாதீங்க" என்று வைத்துவிட்டார்.

அப்பா